போதகரைப் படிக்க வைக்கும் பணம்: கொடுப்பவரும் ஊரும் கேட்க வேண்டியவை

பளை நீண்டகாலம் போர்முனையாக இருந்த பிரதேசம். 2000 ஆம் ஆண்டின் ஆனையிறவுச் சமரும், 2006 இல் மீண்டும் மூண்ட முகமாலை முன்னரங்குச் சண்டைகளும் இந்த மண்ணைக் கண்ணிவெடிகளால் நிரப்பின. போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்த பின்னரும் முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை தொடர்ந்தது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ மக்கள் பிரசங்கத்தை மட்டும் எதிர்பார்ப்பதில்லை. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண், நுண்கடன் தவணை கட்ட வழியில்லாதவர், குடியில் விழுந்த பிள்ளை என எல்லோரும் முதலில் தட்டும் கதவுகளில் ஒன்று அவருடையது. இறுதிப் போரின் முடிவில், 2009 மே 18 அன்று, வட்டுவாகலில் சரணடையச் சென்றவர்களோடு கூடப்போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் திரும்பி வரவில்லை. மதத்தலைவர் என்றால் என்ன என்பதை வன்னி மக்கள் இப்படித்தான் அறிந்திருக்கிறார்கள்.

அந்தத் தலைவர்களை யார் பயிற்றுவிக்கிறார்கள், அதற்கான பணம் எங்கிருந்து, என்ன நிபந்தனையோடு வருகிறது என்பது அதனால் திருச்சபைக்குள் மட்டும் பேச வேண்டிய விடயம் அல்ல. போரின் பின் வன்னியில் பல சிறு சபைகள் உருவாகின. அவற்றில் சிலவற்றின் பின்னால் வெளிநாட்டு அறக்கொடை அமைப்புகளும் புலம்பெயர் உறவுகளும் உள்ளனர். பொறுப்போடு கொடுக்கப்படும் பணம் ஊருக்கு நல்ல தலைவரைத் தரும். பொறுப்பற்ற பணம் தூரத்தில் உள்ள முதலாளிக்குக் கணக்குச் சொல்லும் ஊழியரையே தரும்.

வட்டுக்கோட்டை சொல்லும் பாடம்

இந்தக் கேள்வி எமக்குப் புதிதல்ல. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன், 1823 இல் வட்டுக்கோட்டை செமினறியைத் தொடங்கியது. டானியல் பூர் அதன் முதல் அதிபர். உள்ளூர்ப் போதகர்களையும் ஊழியர்களையும் உருவாக்குவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. செலவு பெரும்பாலும் பொஸ்டனில் இருந்த தலைமை அமைப்பிடமிருந்து வந்தது. அதன் பலவீனம் 1837 இல் தெரிந்தது. அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி வந்ததும் பணம் வெட்டப்பட்டு, யாழ்ப்பாணத்தில் மிஷனின் பல இலவசப் பாடசாலைகள் மூடப்பட்டன.

1855 இல் செமினறியே மூடப்பட்டது. தலைமை அமைப்பின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் நேரில் வந்து பார்த்த பின் எடுக்கப்பட்ட முடிவு அது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களில் பலர் திருச்சபைப் பணிக்கு வராமல் அரச உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது முக்கிய காரணம். தாய்மொழியில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் போதகர்களைக் கொண்டு, தானே ஆளும், தானே செலவைத் தாங்கும், தானே பரப்பும் திருச்சபையே இலக்கு என்பது அன்டர்சனின் கொள்கை.

கொள்கை சரி, நிறைவேற்றிய விதம் கேள்விக்குரியது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரைத் தமிழுக்குத் தந்த ஒரு கல்விக்கூடத்தின் விதியை, அதில் படித்தவர்களின் ஊர் தீர்மானிக்கவில்லை. பின்னர் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியும் பங்களிப்பும் சேர்ந்தே 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானது.

தூரப் படிப்பா, ஊரோடு படிப்பா?

1958 இல், கானாவின் அக்ராவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டை ஒட்டி இறையியல் கல்வி நிதியம் ஒன்று உருவானது. அதன் 40 இலட்சம் டொலரில் பாதியை ரொக்பெல்லர் தரப்பும் மறுபாதியை அமெரிக்க மிஷன் சபைகளும் கொடுத்தன. ஆசிய, ஆபிரிக்கக் கல்லூரிகளின் நூலகங்களுக்கும் பாடநூல்களுக்கும் அதிலிருந்து உதவி கிடைத்தது. தைவானைச் சேர்ந்த ஷோக்கி கோ அதன் பணிப்பாளராக இருந்த 1970களில், பயிற்சி அந்தந்த மண்ணின் சூழலுக்குப் பொருந்த வேண்டும் என்பதே நிதியத்தின் முதன்மைக் கேள்வியானது.

குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி இன்னொரு வழியைக் கண்டது. நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர்களில் சிலரே கிராமச் சபைகளில் நிலைத்தனர். ஏற்கெனவே சபைகளை நடத்திவந்த விவசாயிகளுக்கோ தோட்டத்தை விட்டுவந்து படிக்க முடியவில்லை. 1963 முதல் ஆசிரியர்களே மாணவர்களிடம் போகத் தொடங்கினர். இம்முறை பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது.

பளையில் தென்னந்தோட்டத்தில் கூலிவேலை செய்தபடி ஞாயிறு ஆராதனை நடத்தும் ஒருவருக்கு இதுவே பொருந்தும். மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டை விட்டுப் போனால் குடும்பத்துக்கு யார் உழைப்பது? முழுநேரப் படிப்பு வேண்டியவர்களுக்கு நாட்டுக்குள்ளேயே இடம் இருக்கிறது. கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963 இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த திருச்சபைகள் சேர்ந்து தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கலாம். மேற்படிப்புக்கு வெளிநாடு போவது தவறல்ல. ஆனால் திரும்பி வருவதற்கான ஏற்பாடு, அதாவது வந்தபின் பணியிடம், வேதனம், வீடு ஆகியவை, புலமைப்பரிசிலோடு சேர்த்தே பேசப்பட வேண்டும். இல்லாவிட்டால் வன்னிக்கென்று கொடுத்த பணம் வேறு ஒரு நாட்டுக்குப் போதகரைத் தரும்.

நிவாரணமும் மதமும் கலக்கக்கூடாது

போரால் பாதிக்கப்பட்ட ஊரில் ஆபத்தான இடம் இதுதான். கூரைத்தகடும் கோழிக்குஞ்சும் கொடுக்கும் அமைப்பே போதகர் பயிற்சிக்கும் பணம் கொடுத்தால், உதவி வேண்டுமானால் ஆராதனைக்கு வரவேண்டும் என்ற எண்ணம் யாரும் சொல்லாமலே உருவாகும். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994 இல் ஏற்ற நடத்தை நெறி, உதவியை மத, அரசியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதை மறுக்கிறது. பொருளாசை காட்டி மதத்துக்கு இழுப்பதை உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் பேரவையும், உலக சுவிசேஷகக் கூட்டணியும் 2011 இல் கூட்டாக நிராகரித்தன.

இலங்கையில் இது சட்டப் பிரச்சினையும் ஆகியது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் 2003 இல் உயர்நீதிமன்றம் சென்றது. பொருளுதவியையும் மதப் பரப்புதலையும் சேர்த்துச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் கருதியது. 2005 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அந்தத் தீர்ப்பு கன்னியரின் மதச் சுதந்திரத்தை மீறியது என்றது. சிறுபான்மை மதத்தவரின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நிவாரணக் கணக்கையும் சபைக் கணக்கையும் வேறாக வைப்பது பெறுபவரின் மானத்தையும் கொடுப்பவரின் பெயரையும் ஒருசேரக் காக்கும்.

பொறுப்பான கொடை எப்படி இருக்கும்?

முதலாவது, பணம் தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் போகாது. சபையின் அல்லது கல்லூரியின் கணக்குக்குப் போகும். இருவர் கையொப்பமும் ஆண்டுக் கணக்காய்வும் இருக்கும். அறிக்கை கொடையாளருக்கு ஆங்கிலத்தில் போவதோடு, சபையாருக்குத் தமிழில் வாசிக்கவும்படும்.

இரண்டாவது, யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதைச் சபை தீர்மானிக்கும். கொடையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர் என்பது தகுதி ஆகாது. பெண்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

மூன்றாவது, பாடத்திட்டத்தில் இந்த ஊர் இருக்கும். உளவடுவோடு வருபவரைக் கேட்கும் முறை, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற அறிவு, சிறுவர் பாதுகாப்பு, கணக்கு வைத்தல், சைவ அயலவரோடு மதிப்பாக வாழ்தல் ஆகியவை வேதபாடத்தோடு சேரும்.

நான்காவது, உள்ளூர்ப் பங்கு சிறிதாயினும் இருக்கும். சமைக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கிவைக்கும் பிடியரிசி வழக்கம் எங்கள் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் தெரிந்ததே. அந்தப் பிடியரிசியைக் கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வருகிறது. ஏழைச் சபையிடம் பெருந்தொகை கேட்பது அநியாயம். எதுவுமே கேட்காமல் விடுவது அதன் குரலைப் பறிப்பதாகும்.

ஐந்தாவது, முடிவுத் திகதி முதல்நாளே தெரிந்திருக்கும். எத்தனை ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு குறையும், அதன்பின் யார் தாங்குவது என்பன எழுத்தில் இருக்கும். 1837 இல் போல ஒரு கடிதத்தோடு எல்லாம் நின்றுபோக இடமிருக்காது.

புலம்பெயர் தேசத்திலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளுக்கும் இவை பொருந்தும். எங்கள் பணத்தால் எத்தனை போதகர்கள் உருவானார்கள் என்ற எண்ணிக்கை படம் எடுத்துப் போட உதவும். அந்தப் போதகர் தவறு செய்தால் அவரை நிறுத்திக் கேட்க பளையில் உள்ள ஒரு தாய்க்கு முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்புங்கள்.