ஒரு நிமிடச் சோதனையும் நூறாண்டு நாணமும்

அண்ணாமலையை வலம் வருவோர் அனைவரும் அறிந்த ஊர் அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ளது. பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் கடந்து செல்லும் அவ்வூரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் பெண்களுக்கு, தமிழகத்தின் ஏனைய ஊர்களைப் போலவே, 30 வயதைக் கடந்ததும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அரசு மருத்துவமனைகள் அறிவுறுத்துகின்றன. கட்டணம் இல்லை, வலியும் பெரிதன்று. ஆயினும் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சி வழியாகச் சென்றால் திண்டிவனம் வரும். 1890-களில் அங்கே மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற அவரை அழைத்தனர். அவரோ மருத்துவர் அல்லர். “என் தந்தை வருவார்” என்றார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை அம்மூவரும் ஏற்கவில்லை. விடியுமுன் மூன்று தாய்மாரும் இறந்தனர். ஐடா நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1900-ல் வேலூருக்கு மருத்துவராக வந்தார்; 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த மூன்று பெண்களைக் கொன்றது பிரசவம் மட்டுமா?

பிறரைக் குறை கூறுமுன் நம் திருச்சபையின் ஏட்டையும் புரட்டிப் பார்ப்பது நேர்மை. துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரிகள் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதற்குத் திருச்சபை நெடுங்காலம் தடை விதித்திருந்தது. ஆடவரிடம் தம் உடலைக் காட்டத் தயங்கிய இந்தியப் பெண்களுக்கு உதவக்கூடியவர்கள் அருட்சகோதரிகளே. அவர்களது கைகளோ கட்டப்பட்டிருந்தன! இக்கட்டை அவிழ்க்க முதுமையிலும் உரோமையின் வாயில்களைத் தட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன். 1913-ல் அவர் இறக்கும் வரை விடை கிடைக்கவில்லை. 1920-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி தனிச் சலுகை பெற்றுக் குண்டூருக்கு வந்து, துறவியாகவும் மருத்துவராகவும் உழைத்தார். மக்லாரனின் வழியில் வந்த அன்னா டெங்கல் 1925-ல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936 பிப்ரவரி 11-ஆம் நாள் உரோமை தடையை நீக்கியது. மக்லாரன் மறைந்து 23 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சோதனையின் கதையிலும் பெண்களின் உடலே விலையாயிற்று. பெண்ணுறுப்பை விரித்துக் காணும் கருவியைச் சீர்ப்படுத்திய அமெரிக்கர் மேரியன் சிம்ஸ், 1840-களில் அடிமைப் பெண்கள்மீது மயக்க மருந்தின்றி அறுவைகள் செய்தவர். அனார்கா, லூசி, பெட்சி என்னும் மூவரின் பெயர்களே நமக்கு எஞ்சியுள்ளன. அதற்கு நேர்மாறாக, ஐடா பயின்ற அதே கார்னெல் கல்லூரியில் ஆய்வு செய்த ஜார்ஜ் பாப்பனிகோலோவுக்குத் தன் உடலிலிருந்து விரும்பி மாதிரி தந்தவர் அவருடைய மனைவி மேரி. அவ்வாய்வின் பயனே ‘பாப் ஸ்மியர்’.

தமிழகத்தில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. ஆயின் சிற்றூர்தோறும் நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் அமைப்பது எளிதன்று. அதற்கு விடை கண்டது திண்டுக்கல் மாவட்டம். 2000-ஆம் ஆண்டு முதல் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ நல வாழ்வு மையமும், அடையாறு நிலையமும், பிரான்சின் லியோன் நகரப் பன்னாட்டு ஆய்வு நிறுவனமும் இணைந்து, பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டே சோதனை நடத்தின. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் நிகழ்ந்த இறப்பு, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்ததென 2007-ல் வெளியான முடிவு கூறிற்று. உரியோர் 49,311 பேர். வந்தோர் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பெண்கள் வரவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அங்கு என்னதான் நடக்கிறது? முன்கூட்டியே அறிந்தவருக்கு அச்சம் பாதியாகும். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துச் செல்ல வேண்டும். முந்தைய இரு நாட்களில் உறுப்பினுள் மருந்து வைப்பதையும், உட்புறம் கழுவுவதையும், தாம்பத்திய உறவையும் தவிர்ப்பது நலம். கருவுற்றிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முழங்காலை மடக்கிப் படுத்ததும், செவிலியர் கருவியை மெல்லச் செலுத்துவார். சற்று அழுத்தம் தெரியும். மூச்சை இழுத்துவிட்டு உடலைத் தளர்த்தினால் அதுவும் குறையும். பின்னர், சமையல் வினிகரிலுள்ள அதே அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் காத்திருப்பார். இலேசான எரிச்சல் தோன்றலாம். மாறுபட்ட திசு இருந்தால் அவ்விடம் வெண்மையாகும். முடிவு அப்போதே தெரிந்துவிடும். பெண் பணியாளர் வேண்டுமென்று கேட்பதும், தாயையோ அக்காளையோ உடன் அழைத்துச் செல்வதும், வலித்தால் “நிறுத்துங்கள்” என்பதும் அவரது உரிமை.

வெண்திட்டு என்றாலே புற்றுநோய் என்று பொருளன்று. உருப்பெருக்கிக் கருவியால் மீண்டும் பார்ப்பர்; தேவையாயின் கடுகளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவர். முன்னோடி மாற்றம் புற்றாகப் பொதுவாகப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் அவ்விடத்தைக் குளிரால் உறையச் செய்தே அகற்றிவிடலாம். இதற்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் மிகப் பரவலானது. மணமான பெண்களுள் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையேனும் அதனை எதிர்கொள்கின்றனர்; பெரும்பாலும் அது தானே மறைந்தும்விடும். இதனைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடுவது அநீதி. கணவன்மாருக்கும் மாமியார்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியவர்கள் பங்குகளில் இருக்கும் நாமே. சோதனைக்குச் செல்லும் நாளில் அப்பெண்ணின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் யாரேனும் வேண்டும்.