விஞ்ஞான ஆசிரியரும் புதிய பாடத்திட்டமும்

பள்ளிப் பாடத்திட்டம் மாறுகிறது என்னும் செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் செவியில் விழுகின்றது. பாடநூலின் அட்டை மாறும், பக்கங்கள் கூடும், மேல் வகுப்பில் இருந்த பாடம் கீழ் வகுப்புக்கு இறங்கும். ‘தேர்வுக்கு எது வரும்?’ என்று மாணவர் கேட்பர். ‘பிள்ளைக்குச் சுமை கூடுமா, குறையுமா?’ என்று பெற்றோர் கேட்பர். அந்த நூலைக் கையில் ஏந்தி வகுப்புக்குள் நுழையவேண்டிய ஆசிரியர் அதனை எங்கே கற்றார், எப்போது கற்றார் என்று கேட்பவர் அரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். ஆதலால், சென்ற எழுபது ஆண்டுகளில் இக்கேள்விக்கு இரண்டு நாடுகள் கண்ட விடையை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் அமெரிக்காவை நோக்குவோம். அந்நாட்டில் 1950ஆம் ஆண்டில் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. அது 1953ஆம் ஆண்டில் கல்லூரி ஆசிரியர்களுக்கும், அடுத்த ஆண்டில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கோடைப் பயிலகங்களை நடத்தத் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் சில வாரங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி, அங்குள்ள பேராசிரியர்களிடம் தங்கள் பாடத்தைப் புதிதாகக் கற்பர். அவ்வாறு தங்குவோருக்கு உதவித்தொகை உண்டு. அவரை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு படி உண்டு. விடுமுறையில் வேறு வேலை பார்த்துப் பொருள் ஈட்டும் நிலையில் அந்நாட்டு ஆசிரியர் பலர் இருந்தனர். கற்க வருகிறவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அத்திட்டத்தை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

இதற்கிடையே, 1956ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஜெரால்டு சக்கரையாஸ் தலைமையில் பௌதிக விஞ்ஞானப் படிப்புக் குழு என்னும் ஒரு குழு கூடிற்று. அக்காலத்துப் பள்ளிப் பௌதிக நூல்கள் நீராவி எந்திரம், குளிர்பதனப் பெட்டி முதலிய பொறிகளின் வருணனைகளால் நிரம்பியிருந்தன. ஒரு விஞ்ஞானி உண்மையை எவ்வாறு காண்கிறார் என்பதற்கு அவற்றில் இடம் சிறிது. பாடங்களைக் குறைத்து, எஞ்சியவற்றை ஆழமாக்கி, மாணவனே சோதனை செய்து முடிவு காணுமாறு ஒரு புதிய பாடத்தை ஆக்குவது அக்குழுவின் நோக்கம்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. 58 சென்டிமீட்டர் விட்டமும் 83.6 கிலோகிராம் எடையும் கொண்ட ஓர் உலோகப் பந்து அது. அதன் பின்னரே அமெரிக்கா தன் பள்ளிகளைத் திருத்த முற்பட்டது என்று பலர் எழுதுவர். கோடைப் பயிலகமும் பௌதிகக் குழுவும் அதற்கு முன்பே பிறந்துவிட்டன என்பதை ஆண்டுகளைப் பார்த்தாலே அறியலாம். ஸ்புட்னிக் செய்தது, அம்முயற்சிகளுக்குப் பணமும் வேகமும் தந்தது. 1958ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. உயிரியலுக்கும் இரசாயனத்துக்கும் தனித்தனிக் குழுக்கள் எழுந்தன. இங்கிலாந்திலும் 1962ஆம் ஆண்டில் நஃபீல்டு அறக்கட்டளை இத்தகைய பணியைத் தொடங்கிற்று.

புதிய பௌதிகப் பாடநூல் 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குரிய கருவிகள் எளியவை. உறிஞ்சு குழல் ஒன்றைக் கொண்டு நுண்ணிய தராசு செய்யலாம். அழைப்பு மணியின் துடிக்கும் நாக்கைக் கொண்டு, ஓடும் காகித நாடாவில் காலத்தைப் புள்ளிகளாகப் பதிக்கலாம். அலைகளைக் காண்பதற்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் சிறிது நீரும் விளக்கும் போதும்.

கருவி எளிதாயினும் அதனைக் கொண்டு கற்பிப்பது எளிதன்று. பழைய நூலில் வினாவும் விடையும் அச்சில் இருந்தன; ஆசிரியர் அவற்றைத் தாங்கிச் சென்றால் போதும். புதிய முறையில் மாணவன் தான் கண்டதை வைத்துக் கேட்பான். அக்கேள்வி எந்த நூலிலும் இராது. அதற்கு அஞ்சாமல் நிற்க வேண்டுமானால் ஆசிரியர் அச்சோதனையைத் தம் கையால் பலமுறை செய்திருக்க வேண்டும். எனவேதான் புதிய பாடத்துக்கும் கோடைப் பயிலகத்துக்கும் உயிர்த்தொடர்பு உண்டாயிற்று.

இத்திட்டம் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். பாடம் பல மாணவர்களுக்குக் கடினமாயிருந்தது. பௌதிகம் எடுத்துப் படிப்பவர் தொகை விரும்பிய அளவு பெருகவில்லை. 1970களில் பயிலகங்களுக்கான பணம் சுருங்கிற்று. 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய நின்றே போயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952ஆம் ஆண்டில் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. எல்லா மாணவரும் பொது விஞ்ஞானம் கற்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. விஞ்ஞானம் கற்பிக்கும் முறை பற்றி ஆராய 1956ஆம் ஆண்டில் சிம்லாவை அடுத்த தாராதேவியில் ஓர் அகில இந்தியக் கருத்தரங்கு கூடிற்று. 1961ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு தோன்றியது. 1963ஆம் ஆண்டு முதல், அமெரிக்க உதவியுடன், இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கான கோடைப் பயிலகங்கள் நடந்தன.

என் பள்ளிப் பருவத்தில் எனக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் அத்தகைய பயிலகம் ஒன்றுக்குச் சென்று வந்தவர். அவர் சன்னல் கண்ணாடி ஒன்றின் நான்கு புறமும் சட்டம் அடித்து, மெழுகால் இடுக்கை அடைத்து, அதில் விரற்கடை உயரம் நீர் ஊற்றினார். மேலே விளக்கு, கீழே வெள்ளைத் தாள். ஒரு குச்சியால் நீரைத் தட்டியதும் தாளில் நிழல் வளையங்கள் ஓடின. இரண்டு மரத்துண்டுகளை இடைவெளி விட்டு நீரில் நிறுத்தி, ‘இந்த வழியைக் குறுக்கினால் அலை என்ன செய்யும்?’ என்று கேட்டார். நேராகப் போகும் என்றோம். குறுக்கிக் காட்டினார், அலை வளைந்து இருபுறமும் பரவிற்று. அலை வளைதலை நாங்கள் மனப்பாடம் செய்யவில்லை, கண்டோம். அவர் பயிலகத்தில் கழித்த ஒரு கோடை, அவரிடம் படித்த எத்தனையோ வகுப்புகளுக்குப் பயன்பட்டது.

ஆயினும் அப்பயிலகங்களுக்குச் சென்றவர், நாட்டின் ஆசிரியர் தொகையை நோக்கச் சிலரே. கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கு என்ன வழி? இதற்கு விடை தேடிய ஒரு முயற்சி நர்மதைக் கரையில் நிகழ்ந்தது.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்னும் மாவட்டம் உண்டு. 2022ஆம் ஆண்டில் அதற்கு நர்மதாபுரம் என்று பெயர் மாற்றினர். அங்கே 1972ஆம் ஆண்டில் கிஷோர் பாரதி என்னும் தொண்டு நிறுவனமும், ரசூலியா என்னும் ஊரிலிருந்த நண்பர் கிராம நிலையமும் மாநில அரசின் இசைவுடன் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய முறையில் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து துணைநின்றனர். 1978ஆம் ஆண்டில் அம்முறை மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982ஆம் ஆண்டில் ஏகலவ்யா என்னும் அமைப்பு தோன்றி அப்பணியை மேற்கொண்டது.

அங்கு வழங்கிய பாடநூல் சோதனைகளைச் சொல்லும், கேள்விகளைக் கேட்கும், விடைகளைத் தராது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள் பயன்பட்டது. 1978ஆம் ஆண்டில் அங்கு வந்து பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய்த் துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்து முக்கோணமும் சதுரமும் கனசதுரமும் செய்யும் வழியைக் கண்டார். தேர்வில் மாணவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு.

இவற்றினும் மேலாக நான் போற்றுவது ஆசிரியர்க்கு அங்கே அமைந்த வாய்ப்பை. ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் ஒரு கோடையாக, மூன்று கோடைகளில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். மாணவன் செய்யவேண்டிய சோதனைகளை அவரும் தரையில் அமர்ந்து செய்தார். பள்ளி திறந்தபின் மாதந்தோறும் அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, எந்தச் சோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்விக்கு விடை தோன்றவில்லை என்று பேசினர். அவர்கள் கூறிய குறைகளைக் கொண்டு நூல் திருத்தப்பட்டது. அவர்களுள் தேர்ந்தோர் பிற ஆசிரியர்க்குப் பயிற்சி அளிப்போர் ஆயினர். மேலிருந்து வந்த பாடத்தைக் கீழே சேர்ப்பவராக இருந்த ஆசிரியர், பாடத்தை ஆக்குவோருள் ஒருவரானார். முப்பது ஆண்டு நடந்த இத்திட்டத்தை 2002ஆம் ஆண்டில் மாநில அரசு நிறுத்தியது. பொதுப் பாடநூலே அப்பள்ளிகளுக்கும் வந்தது.

அமெரிக்கா பெரும்பொருள் செலவிட்டது. ஹோஷங்காபாத்தில் முள்ளும் தீக்குச்சியும் பயன்பட்டன. இரண்டிலும் பொதுவாக நான் காண்பது ஒன்று: புதிய பாடம், ஆசிரியர்க்குத் திரும்பத் திரும்பக் கற்கும் வாய்ப்பு இருந்த வரையில் உயிரோடு இருந்தது. நூலை ஓர் ஆணையால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆசிரியரின் கையும் பழக்கமும் மாறுவதற்குப் பல கோடைகள் வேண்டும்.

இன்று வாய்ப்புகள் அறவே இல்லை என்று சொல்வது நன்றியின்மை ஆகும். மும்பையில் 1974ஆம் ஆண்டில் தோன்றிய ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையமும், 1984ஆம் ஆண்டில் பேராசிரியர் டி. பி. கண்டேல்வால் தோற்றுவித்த இந்தியப் பௌதிக ஆசிரியர் சங்கமும் ஆசிரியர்களுக்காக உழைத்து வந்துள்ளன. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தம் வளர்ச்சிக்கெனக் கற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் புதிய பாடநூல்கள் வந்தன. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைக் கருவிகளைக் கொண்டுசென்று காட்டும் வானவில் மன்றம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிற்று.

ஆனால் 50 மணி நேரம் என்பது கடிகாரம் காட்டும் அளவு. அந்நேரத்தில் ஆசிரியர் என்ன செய்தார் என்பதே கேள்வி. கைப்பேசித் திரையில் ஓடும் உரையைக் கேட்பதும் கற்றலே. எனினும் நீரைத் தட்டிப் பார்த்த கைக்கு வரும் துணிவு அதனால் வாராது. தலைமையாசிரியனாய் இருந்தபோது ஒவ்வொரு பயிற்சி ஆணை வரும்போதும் ஓர் இக்கட்டு எழும். விஞ்ஞான ஆசிரியரை அனுப்பினால் அவருடைய வகுப்புகளை யார் பார்ப்பது? பயிற்சிக்கு உரியவரை விட்டு, அன்று ஓய்வாக இருப்பவரை அனுப்பும் வழக்கத்தைப் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன். கணக்கேட்டில் அதுவும் பயிற்சி என்றே பதிவாகும். அதனால் இழப்பவர் பின்வரிசையில் இருக்கும் மாணவர்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு சொல்வேன். உங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒரு நாள், ‘இது எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்’ என்று சொன்னால், அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். கற்பதை நிறுத்திவிடாத ஆசிரியரின் சொல் அது. இரண்டாவது: உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள், சிலர் பாடத்திட்டம் வகுக்கும் இடத்திலும், அதற்குப் பணம் ஒதுக்கும் இடத்திலும் அமர்வீர்கள். அப்போது புதிய நூல் உங்கள் முன் வரும். அதன் பக்கங்களைப் புரட்டுவதற்கு முன், இதைக் கற்பிக்கப் போகிறவருக்கு எத்தனை கோடைகள் தரப்போகிறோம் என்று கேளுங்கள்.