கார் வைத்திருப்பவர் நடந்து வரமாட்டாராம்

நான் ஏழாவது படிக்கும்போது வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனது. வாத்தியார் எடுத்த எடுப்பில் சேரிப் பிள்ளைகள் ஆறு பேரையும் எழுப்பிப் பையை உதறச் சொன்னார். கடைசியில் பேனா ஊர்ப் பெரியவர் மகன் பையில் கிடைத்தது. ‘அவன் வீட்ல இல்லாத பேனாவாடா? மறதியா வச்சிருப்பான்’ என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். எங்களை உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோணல.

அங்கே நடந்தது மூன்று காரியம். ‘சேரிப் பசங்க திருடுவானுங்க, பெரிய வீட்டுப் பிள்ளை திருடாது’ என்பது முத்திரை. விசாரிக்கும் முன்பே எங்கள்மேல் எழுந்த வெறுப்பு தப்பெண்ணம். எங்களுக்குச் சோதனை, அவனுக்குச் சமாதானம் என்பது ஓரவஞ்சனை. முதலாவது நினைப்பு, இரண்டாவது வெறுப்பு, மூன்றாவது செய்கை.

இது பள்ளிக்கூடத்தோடு போகிற சமாச்சாரம் இல்லை. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நம் சனங்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1970இல் கீழ்க்கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதாரர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: இவர்கள் பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவரும் இவர்களில் உண்டு, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். அதே நாளில் மிராசுதாரர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ விவசாயத் தொழிலாளிகள் தண்டனை பெற்றார்கள்.

எங்கள் வாத்தியார் சொன்னதும் இதைத்தானே?

அந்த நீதிபதிகளுக்கு நம்மேல் வெறுப்பு இருந்ததா, எனக்குத் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை. பெரிய மனுசன் இப்படிச் செய்யமாட்டான் என்ற நல்ல முத்திரை ஒன்றே போதுமாயிருந்தது. ‘எனக்குச் சாதி வெறுப்பெல்லாம் கிடையாதுங்க’ என்று சொல்கிறவர்களிடம் நான் இப்போது வெறுப்பைப் பற்றிக் கேட்பதில்லை. ‘யாரை நம்புறீங்க? யாரைச் சோதிக்கிறீங்க?’ என்றுதான் கேட்கிறேன்.

நம்மைப் பற்றி அவர்கள் நினைப்பதை இவ்வளவு நாள் எழுதினோம். தங்களைப் பற்றி அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதையும் நாம் எழுதியாக வேண்டும். வெண்மணியில் மிராசுதாரர்களைக் காப்பாற்றியது அதுவும்தான்.