பூஜ்யத்தின் பொருள்

ஆண்களின் பாலியல் நலத்தை அளக்க 15 கேள்விகள் கொண்ட வினாநிரல் 1997இல் வெளியானது. 1999இலேயே அது ஐந்தாகச் சுருங்கியது. பெண்களுக்கான 19 கேள்விகள் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில்தான் வந்தன. வேட்கை, கிளர்ச்சி, ஈரம், உச்சம், நிறைவு, வலி என ஆறு கூறுகள். கடந்த நான்கு வாரங்களே கணக்கு. மருத்துவரின் அவசரத்திற்கு அது நீளம். ஆகவே 2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கூறுக்கு ஒன்றாக ஆறு கேள்விகளைத் தேர்ந்தனர். மொத்தம் 30 மதிப்பெண். 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைபாடு இருக்கலாம், மேலும் ஆராய வேண்டும்.

இங்கே சற்று நின்று நாமே கூட்டிப் பார்ப்போம். அந்த நான்கு வாரங்களில் உறவு எதுவும் நிகழாத பெண்ணுக்கு நான்கு கேள்விகளில் பூஜ்யம். வேட்கைக்கும் நிறைவுக்கும் முழுதாக ஐந்தைந்து அளித்தாலும் பத்தைத் தாண்டாது. கணவர் வெளியூரில் இருப்பவரும், துணையை இழந்தவரும், உறவை வேண்டாம் என்றவரும் எண்ணளவில் குறையுள்ளோராகிவிடுகின்றனர். இச்சிக்கல் நீண்ட வடிவத்திலேயே இருந்தது. 2007இலேயே ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்டினர். சுருக்கியபோதும் அது சுருங்கவில்லை.

கேள்விகளைக் குறைப்பதில் பிழையில்லை. ஆனால் 'இயலவில்லை' என்பதும் 'நிகழவில்லை' என்பதும் ஒரே பூஜ்யமாகும்போது, கேட்க வேண்டிய ஏழாவது கேள்வி ஒன்று எஞ்சுகிறது: ஏன்?