பனி விலகிய இடத்தில் ஒன்பது சதுரங்கள்

வெறும் பாறையில் ஒரு காடு உருவாக நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆராய்ச்சியாளருக்கு சர்வீஸே முப்பது, நாற்பது வருஷம்தான். அப்படியிருக்க, பாடப்புத்தகத்தில் "தாவர வழிமுறை வளர்ச்சி" என்று பாறை, பாசி, புதர், காடு என வரிசையாகப் படம் போட்டிருக்கிறார்களே, அதை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

பெரும்பாலும் யாரும் பார்க்கவில்லை. ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹென்றி கௌல்ஸ் 1899ல் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளைப் பற்றி எழுதினார். கரையோர மணல் புதுசு, உள்ளே போகப்போகப் பழசு. ஆக, கரையிலிருந்து உள்ளே நடந்தால் காலத்திலேயே நடந்த மாதிரி.

இந்த உத்திக்கு அலாஸ்காவின் க்ளேசியர் பே இன்னும் பொருத்தம். 1750 வாக்கில் அந்த விரிகுடா முழுக்கப் பனிப்பாறை. அதன் பிறகு அது வேகமாகப் பின்வாங்கி, சுமார் நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தைத் திறந்துவிட்டது. பனி விளிம்பில் வெறும் சரளைக்கல். கொஞ்சம் தள்ளி ட்ரையாஸ் என்ற தரையோடு படரும் செடி, பிறகு வில்லோ, ஆல்டர் புதர்கள். கடல் வாய் பக்கம் ஸ்ப்ரூஸ் காடு. ஆல்டர் வேர்முடிச்சு பாக்டீரியா மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும், அந்த உரத்தில் ஸ்ப்ரூஸ் வளரும் என்று கதையும் கச்சிதமாக அமைந்தது. ஒன்று அடுத்ததுக்கு இடம் தயார் செய்கிறது! க்ளேசியர் பே உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

இதில் ஒளிந்திருக்கும் அனுமானத்தைப் பாருங்கள். இன்றைய பழைய இடம், தன் இளமையில் இன்றைய புது இடம் மாதிரியே இருந்தது என்கிறோம். நம்ம வேலையில் சொன்னால், பத்து வருஷப் பழைய சர்வரைக் காட்டி, நேற்று போட்ட சர்வர் நாளைக்கு இப்படித்தான் ஆகும் என்பது போல. லாக் இல்லாமல் எப்படி நம்புவது?

அதிர்ஷ்டவசமாக ஒரு லாக் இருந்தது. கௌல்ஸிடம் படித்த வில்லியம் கூப்பர் 1916ல் அங்கே போய், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஒன்பது சதுரங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் இருந்த செடிகளை வரைந்து வைத்தார். திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். அந்தப் பகுதி 1925ல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குப் பின் டொனால்ட் லாரன்ஸ் 1980கள் வரை தொடர்ந்தார். அப்புறம் சதுரங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

முதல் இடி 1995ல். கிறிஸ்டோபர் ஃபாஸ்டி பல இடங்களில் மரவளையங்களை எண்ணிப் பார்த்தார். கடல் வாய் பக்கத்துப் பழைய காடுகள் ஆல்டர் கட்டத்தைத் தாண்டி வந்தவையே அல்ல. பக்கத்திலேயே விதை தரும் மரங்கள் இருந்ததால் ஸ்ப்ரூஸ் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டது. அடர்ந்த ஆல்டர் புதரெல்லாம் பிற்காலத்தில் பனி விலகிய இடங்களின் கதை.

2016ல் பிரையன் பூமா குழுவினர் கூப்பரின் பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு சதுரங்களைத் தேடிப் போனார்கள். நூறு வருஷத்தில் காந்த வடக்கே நகர்ந்திருக்கும், அதையும் கணக்கில் எடுத்தார்கள். (நூறு வருஷம் கழித்தும் பயன்படும் டாகுமென்டேஷன்! நான் எழுதியது ஆறு மாதம் கழித்து எனக்கே புரியாது.) கிடைத்த சதுரங்களில் பாடப்புத்தக வரிசை தெரியவில்லை. பெரும்பாலான இனங்கள் பனி விலகிய கொஞ்ச காலத்திலேயே வந்து சேர்ந்துவிட்டன. முதலில் யார் வந்தது என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு. வந்தவர்கள் அடுத்தவருக்கு இடம் தயார் செய்யவில்லை. மறித்துக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே நிற்கிறார்கள்.

ஹென்றி க்ளீசன் 1926லேயே கிட்டத்தட்ட இதைச் சொன்னார்: ஒவ்வொரு செடியும் தன் போக்கில்தான் வருகிறது, தாவரக் கூட்டம் ஓர் உயிரி மாதிரி சேர்ந்து வளர்வதில்லை என்று. அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. அவரும் வகைப்பாட்டியல் பக்கம் போய்விட்டார்.

நைட்ரஜன் விஷயம் பொய்யில்லை, ஆல்டர் மண்ணை வளமாக்கத்தான் செய்கிறது. ஆனால் படத்தில் இருக்கும் அந்த அம்புக்குறிகள்? கூப்பரின் சதுரங்களை இப்போது இன்னும் பெரிதாக்கி, வரைபடத்தில் ஏற்றி, இரண்டாவது நூற்றாண்டுக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள்.