மின்தேக்கி எதைத் தேக்குகிறது?



பல வருடங்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் பெருக்கிச் சுற்றைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். "மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமிக்கும்னு சொன்னீங்களே சார், இங்க எதைச் சேமிக்குது?" என்று ஒரு மாணவன் கேட்டான். "படத்தை அப்படியே வரை, மார்க் கிடைக்கும்" என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்கே விடை சரியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அது இன்றும் உறுத்துகிறது.

மின்தேக்கி சேமிப்பதற்காகவே பிறந்தது. 1745-46இல் பிரஷ்யாவில் கிளைஸ்ட்டும், ஹாலந்தின் லைடன் நகரில் முஷன்புரூக்கும் கண்ணாடி ஜாடியில் மின்னூட்டத்தைத் தேக்கினார்கள். அதுதான் லைடன் ஜாடி.

1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்வாய் வால்வை உருவாக்கினார். ஒரு வால்வின் பெருக்கம் போதாமல், பல வால்வுகளை அடுத்தடுத்து இணைத்தார்கள். அங்கேதான் சிக்கல். முதல் வால்வின் ஆனோடில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அடுத்த வால்வின் கிரிட்டோ சற்று எதிர்மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். நேராகக் கம்பி போட்டால் அந்த வால்வு பாழ்.

முதலில் இடையில் டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள். கனம், செலவு, எல்லா சுருதிகளையும் ஒரே சீராகக் கடத்தவும் செய்யாது. பிறகு அந்த இடத்துக்கு மின்தடையும் காகித மின்தேக்கியும் வந்தன.

மின்தேக்கி அந்த நூற்றுச் சொச்சம் வோல்ட் வித்தியாசத்தை ஒருமுறை தனக்குள் தேக்கிக்கொள்ளும். அதன்பின் நிலையான மின்னோட்டம் நகராது. ஆனால் பாட்டின் அலை ஏறி இறங்கும்போது, ஒரு தகட்டில் எலக்ட்ரான் கூடினால் மறு தகட்டிலிருந்து விலகும். இடையிலுள்ள காகிதத்தை எதுவும் கடக்காமலே பாட்டு மட்டும் அக்கரை சேரும்.

1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்ததும் கணக்கு மாறியது. அடுத்த வால்வுக்கு முன் 1 மெகா ஓம் மின்தடை இருந்தால், 16 ஹெர்ட்ஸ் வரை இறங்க 0.01 மைக்ரோ பாரட் போதும். டிரான்சிஸ்டரின் உள்ளீட்டுத் தடை 1 கிலோ ஓம் என்றால், அதே 16 ஹெர்ட்ஸுக்கு 10 மைக்ரோ பாரட் வேண்டும். ஆயிரம் மடங்கு! காகிதத்தில் செய்தால் டிரான்சிஸ்டரைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அதனால்தான் 1950களின் தொடக்கத்தில் அதே ஆய்வகத்தில் சின்னஞ்சிறு டான்டலம் மின்தேக்கியை உருவாக்கினார்கள்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. அது சேமிப்பது இரு பக்கத்து மின்னழுத்த வித்தியாசத்தை. அதைத் தேக்கி வைப்பதால்தான் பாட்டுக்கு வழி கிடைக்கிறது. உன் கேள்வி சரியானது. என் பதில்தான் தாமதம்.