கல்விக்காக எழுந்த வேலைநிறுத்தம்
(பெருந்தலைவர் அய்யன்காளியின் தொண்டு)

தொழிற்சங்கம் என்றதும் ஆலைச் சங்கொலியும் கூலி உயர்வுக் கோரிக்கையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், தம் பிள்ளைகள் பள்ளிப்படி ஏறவேண்டும் என்பதற்காகவே உழைக்கும் மக்கள் ஏரைக் கீழே வைத்த வரலாறு ஒன்று உண்டு. அது நம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால், அந்நாளைய திருவிதாங்கூரில் நிகழ்ந்தது. முல்லைப் பெரியாற்று நீரால் நம் வயல்கள் விளைகின்றன. அந்நீர் வரும் திசையிலிருந்து வந்த இவ்வரலாற்றையும் நாம் அறிதல் வேண்டும்.

அய்யன்காளி 1863 ஆகஸ்டு 28-இல் வெங்கானூரில் புலையர் குலத்தில் பிறந்தார். எழுத்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தாழ்த்தப்பட்டோர் பொதுச்சாலையில் நடக்கவும் தடை இருந்த காலம் அது. 1893-இல் அவர் வில்வண்டி ஏறி அச்சாலையிலேயே சென்றார், எதிர்த்தவர்களுக்கு அஞ்சினாரில்லை. 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார்.

தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணையிட்டும், ஊரார் கதவைத் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் படிக்காவிடில் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்ற கருத்துப்பட அய்யன்காளி எச்சரித்தார். அவ்வாறே ஆயிற்று! உழவும் நடவும் நின்றன. பள்ளிச் சேர்க்கையோடு, அடியும் பொய்வழக்கும் ஒழிதல், பொதுவழியில் நடக்கும் உரிமை, கூலி உயர்வு ஆகியனவும் கோரிக்கைகளாயின. நிலவுடைமையாளர் பட்டினியால் பணியவைக்க எண்ணினர். தொழிலாளரோ கடற்கரை மீனவர்களின் துணையோடு வயிறு கழுவினர். உழைப்போர் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்தலே சங்கத்தின் உயிர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? முடிவில் அரசு தலையிட்டுச் சமரசம் கண்டது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918-இல். தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது 1926-இல். எழுத்தறியாத உழவர் தலைவர் ஒருவர் சட்டத் துணை ஏதுமின்றி வேலைநிறுத்தம் நடத்தியதன் பெருமை இதனால் விளங்கும்.

வெற்றி எளிதாகக் கிட்டிவிடவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது, பள்ளியே தீக்கிரையாயிற்று. எனினும் அவர் தளரவில்லை. 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பெற்று, அங்கும் நிலமும் கல்வியும் கேட்டு வாதாடினார். 1937-இல் காந்தியடிகள் வெங்கானூர் வந்தபோது, தாம் கண்மூடுமுன் தம் மக்களில் பத்துப்பேர் பி.ஏ. தேறக் காணவேண்டும் என்பதையே தம் ஆசையாகத் தெரிவித்தார் என்பர். 1941 ஜூன் 18-இல் அவர் மறைந்தார்.

அந்தப் பி.ஏ. என்னும் இரண்டெழுத்தை என் பெயருக்குப் பின்னால் எழுதும்போதெல்லாம், அதற்கு விலை கொடுத்தவர் யார் என எண்ணிப் பார்க்கிறேன். இன்றும் ஏலக்காய்ப் பறிப்பு நாள்களில், விடியுமுன் குமுளி நோக்கியும் கம்பம்மெட்டு நோக்கியும் ஜீப்புகள் ஏறுகின்றன. அந்நாள்களில் என் வகுப்பறைகளில் சில இடங்கள் வெறுமையாகிவிடுகின்றன. அன்று பள்ளிக்காகப் பெற்றோர் வயலைத் துறந்தனர். இன்று வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளை பள்ளியைத் துறக்கலாமா?

பெற்றோரே, கூலி உயர்வைக் கேளுங்கள். சங்கமாய் நின்று கேளுங்கள். ஆனால் பிள்ளையின் கையைக் கூலிக்கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் அவ்வெற்றிடங்களை நிரப்புவதைத் தன் அடுத்த பணியாகக் கொள்ளுமாக!